நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கு: பழைய காரின் பிரேக் குழாயும் எமது பொறுப்பும்

எமது வீதிகளில் ஓடுகின்ற கார்களில் கணிசமானவை, அவற்றைச் செலுத்துகின்ற இளைஞர்களை விட வயதில் மூத்தவை. எண்பதுகளில் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட டொயோட்டா கொரோலாவும் நிஸான் சனியும் மிட்சுபிஷி லான்சரும் இன்னமும் பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் குடும்பங்களை ஏற்றிச் செல்கின்றன. அவற்றுக்கும் ஒரு தலைமுறை முந்திய மொரிஸ் மைனர் கார்களைக்கூட ஆங்காங்கே காண முடிகிறது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களின் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்ட போதிலும், வரியும் விலையும் சேர்ந்து புதிய வாகனத்தை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனியாகவே வைத்துள்ளன. கையிலுள்ள பழைய காரைப் பேணிக் கொள்வதைத் தவிர பலருக்கு வேறு வழியில்லை.

பேணிக் கொள்வதில் எம்மவர் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். தொண்ணூறுகளில் வடக்கில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் காரை ஓட்டிய சமூகம் இது. உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் ஒன்றை இன்னொன்றுக்குப் பொருத்தி வேலையை முடித்த கைவண்ணத்தை நாம் மெச்சவே வேண்டும். எனினும் அந்தச் சமயோசிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இயந்திரத்தில் செய்த ஒட்டுவேலை பிழைத்தால் வாகனம் நின்றுவிடும். பிரேக்கில் செய்த ஒட்டுவேலை பிழைத்தால் வாகனம் நிற்காது. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் கொடுத்த விலை பெரிது.

பழைய காரில் ஒழுகும் பிரேக் குழாயை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்ற கேள்வி வாகனம் வைத்திருக்கும் பலரிடம் எழுவது இயல்பு. முடியும் என்பதே எமது பதில். ஆனால் புதிய குழாயைப் பூட்டுவது இவ்வேலையின் பாதி மாத்திரமே. பூட்டியது தாங்குகிறது என்பதை ஓட்டுவதற்கு முன்னர் நிரூபிப்பது மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்ய ஆயத்தமில்லாதவர் முதற்பாதியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மிதியில் இருந்து சில்லு வரை

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கடத்தப்படும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் எடுத்துரைத்தார். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் நாம் படித்த அதே விதிதான் காரின் பிரேக்கை இயக்குகிறது. மிதியை அழுத்தும் போது பிரதான சிலிண்டரிலுள்ள முசலம் திரவத்தை நெருக்குகிறது. அந்த நெருக்கம் மெல்லிய உலோகக் குழாய்களூடாகவும் சில்லுக்கு அருகிலுள்ள இறப்பர் குழாய்களூடாகவும் சென்று, சில்லுகளிலுள்ள சிறிய சிலிண்டர்களைத் தள்ளுகிறது.

அந்தக் குழாய்க்குள் எழும் அமுக்கத்தின் அளவைப் பலர் உணர்வதில்லை. ஒருவர் 40 கிலோகிராம் விசையுடன் மிதியை அழுத்துகிறார் என்று கொள்வோம். நெம்புகோல் அமைப்பினால் அது ஐந்து மடங்காகி 200 கிலோகிராமாகப் பிரதான சிலிண்டரைச் சென்றடைகிறது. முசலத்தின் பரப்பு ஏறத்தாழ 4 சதுர சென்ரிமீற்றர் எனில், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 50 கிலோகிராம் அமுக்கம் ஏற்படும். டயருக்குள் நாம் அடிக்கும் காற்றின் அமுக்கம் இதே அளவையில் இரண்டு கிலோகிராம் அளவே. ஆகவே, பென்சிலை விட மெல்லியதான ஒரு குழாய் டயரைப் போல 25 மடங்கு அமுக்கத்தைத் தாங்கி நிற்கிறது. துரு அரித்த சுவர் எந்தக் கணத்திலும் இதற்கு விட்டுக் கொடுக்கலாம். அது பெரும்பாலும் மிதியைப் பலமாக அழுத்தும் கணமாகவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவச் சுற்றே உண்டு. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் பிரேக்கை இழக்கும். எஞ்சுவது கம்பியினால் இயங்கும் கைப் பிரேக் மாத்திரமே. பின்னர் வந்த கார்களில் பிரதான சிலிண்டர் இரு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு சுற்று பழுதானாலும் மற்றையது வேலை செய்யும் ஏற்பாடு வந்தது. அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு இது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. எண்பதுகளின் ஜப்பானியக் கார்களில் இந்த இரட்டைச் சுற்று உண்டு. அதற்காக அலட்சியமாக இருக்க முடியாது. ஒரு சுற்று போனால் மிதி மிகக் கீழே இறங்கும். வாகனம் நிற்பதற்கு வழமையை விட நீண்ட தூரம் எடுக்கும்.

எண்ணெய் அல்லாத எண்ணெய்

எமது கராஜ்களில் பிரேக் திரவத்தை 'பிரேக் ஒயில்' என்றே அழைக்கின்றனர். இந்தப் பெயர் ஓர் ஆபத்தான மயக்கத்தை ஏற்படுத்துகிறது. சாதாரண கார்களில் பயன்படும் டொட் 3, டொட் 4 வகைத் திரவங்கள் எண்ணெய் அல்ல. அவை கிளைக்கோல் சார்ந்த இரசாயனக் கலவைகள். பெயரை நம்பி இயந்திர எண்ணெயையோ ஹைட்ரோலிக் எண்ணெயையோ ஊற்றினால், சிலிண்டர்களிலுள்ள இறப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்து முழுத் தொகுதியும் நாசமாகும்.

இத்திரவம் காற்றிலுள்ள ஈரப்பதனை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டொட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். டொட் 4 இற்கு 230 பாகை. 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் இக்குறைந்தபட்ச அளவுகள் முறையே 140, 155 பாகைகளாக வீழ்கின்றன. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாக இறங்கும் போதோ கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும் போதோ பிரேக்குகள் கடுமையாகச் சூடேறும். பழைய திரவம் அச்சூட்டில் கொதித்து ஆவிக் குமிழிகளை உண்டாக்கும். திரவத்தை நெருக்க முடியாது, ஆவியை நெருக்கலாம். ஆகவே மிதி வெறுமனே கீழே போகும். அதே ஈரப்பதன் குழாயை உள்ளிருந்தும் அரிக்கிறது. மூடி திறந்து மாதக் கணக்கில் வைத்திருந்த போத்தலைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஒழுக்கை அறிதல்

பெரும்பாலான பழைய கார்களின் பிரேக் குழாய், மேற்பூச்சிட்ட உருக்கினால் ஆனது. பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடிக்கிறது. மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, புத்தளம் போன்ற கரையோரங்களின் உப்புக்காற்று இதனை விரைவுபடுத்துகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த வெள்ளத்தில் மூழ்கி நின்ற கார்களின் அடிப்பகுதியையும் இந்தக் கண்ணோடு பார்த்தல் வேண்டும். குழாயைச் சட்டத்தோடு பிணைக்கும் கிளிப்புகளுக்குள் சேறு தங்கிக் காயாமல் இருக்கும். குழாய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் இற்றுப் போகிறது.

மிதி வழமையை விடக் கீழே இறங்குவது, அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்லத் தாழ்வது, திரவக் குடுவையின் மட்டம் குறைவது, சில்லின் உட்புறம் நனைந்திருப்பது ஆகியன ஒழுக்கின் அடையாளங்கள். ஒழுகுவது குழாயா, இறப்பர் குழாயா, சில்லுச் சிலிண்டரா என்பதைப் பிரித்தறிய வேண்டும். சந்தேகத்துக்குரிய இடங்களைத் துடைத்துக் காயவிட்டு, ஒருவர் மிதியை அழுத்த மற்றொருவர் வெளிச்சம் பிடித்து, கண்ணாடி அணிந்து, எட்ட நின்று பார்த்தால் ஈரம் தோன்றும் இடம் தெரியும். ஒழுக்கு உறுதியானதும் அந்த வாகனம் வீதியில் இறங்கக் கூடாது. மட்டம் குறையக் குறையத் திரவத்தை ஊற்றிக் கொண்டே ஓடுவது, வெடிக்கப் போகும் குழாய்க்கு நாமே தவணை கொடுப்பதாகும்.

ஓடிக் கொண்டிருக்கும் போதே மிதி இறங்கிவிட்டால், அதனைத் திரும்பத் திரும்ப வேகமாக அழுத்திப் பார்க்க வேண்டும். கியரைப் படிப்படியாகக் குறைத்து, கைப் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, வீதியோரத்தில் மேடான பக்கமாக வாகனத்தை ஒதுக்க வேண்டும். இயந்திரத்தை இடையில் நிறுத்திவிடக் கூடாது.

செய்யக் கூடாத ஒட்டுவேலைகள்

எமது ஊர்களில் வழக்கிலுள்ள சில குறுக்குவழிகளைப் பெயர் சொல்லியே கண்டிக்க வேண்டியுள்ளது. ஒழுகும் குழாயைக் குறட்டினால் நசுக்கி மடித்து, அந்தச் சில்லை மாத்திரம் கைவிட்டு ஓடுவது முதலாவது. இதனால் பிரேக் பிடிக்கும் போது வாகனம் ஒரு பக்கமாக இழுக்கும்; மழையில் சுழன்றும் விடும். துளையை ஈயப் பற்று வைத்து அடைப்பது இரண்டாவது. பழுதான துண்டை வெட்டி நீக்கிவிட்டு, பெற்றோல் இறப்பர் குழாயைச் சொருகி வளையம் போட்டு இறுக்குவது மூன்றாவது. நீர்க் குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் உரிய பித்தளை இணைப்பிகளைக் கொண்டு பொருத்துவது நான்காவது. 50 கிலோகிராம் அமுக்கத்தின் முன் இவற்றில் எதனையும் நம்ப முடியாது. கழற்றப்பட்ட வாகனங்களில் இருந்து எடுத்த பழைய பிரேக் குழாயை வாங்குவதும் புத்திசாலித்தனமாகாது. பஞ்சிகாவத்தையில் பழைய கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பழைய பிரேக் குழாய் வாங்கக் கூடாது.

சரியான முறை ஒன்றே. ஓர் இணைப்பில் இருந்து அடுத்த இணைப்பு வரையிலான முழுக் குழாயையும் புதிதாக மாற்ற வேண்டும்.

வேலைக்கு முன்னர்

சாதாரண கார்களில் பெரும்பாலும் 4.75 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள குழாயே பயன்படுகிறது. மேற்பூச்சிட்ட உருக்குக் குழாயை வாங்கலாம்; கிடைக்குமானால் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் சிறந்தது. அது துருப்பிடிக்காது, கையினாலேயே வளைக்கலாம். குளிரூட்டிகளுக்குப் பயன்படும் தனிச் செம்புக் குழாய் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் இதற்கு உகந்ததல்ல. அதிர்வினால் இறுகி வெடிக்கும் இயல்பு அதற்கு உண்டு.

குழாயின் முனை விரித்து மடிக்கப்பட்டிருப்பதை அவதானிக்கலாம். கராஜ்களில் இதனைப் 'பிளெயர்' என்பர். இங்கேதான் பலர் தவறுகின்றனர். ஜப்பானியக் கார்களில் முனை உட்புறமாக இருமுறை மடிக்கப்பட்டு 45 பாகைச் சரிவுடன் புனல் போன்று இருக்கும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் அது குமிழ் போன்று இருக்கும். இரண்டிலும் 10 மில்லிமீற்றர் புரியே இருக்கக் கூடும் என்பதால், ஒன்றை மற்றொன்றில் பூட்டிவிட முடியும். ஆனால் அது ஒருபோதும் சரியாக அடைக்காது. இதேபோன்று, பழைய பிரித்தானியக் கார்களுக்குரிய எட்டில் மூன்று அங்குல நட் சுமார் 9.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. அது 10 மில்லிமீற்றர் துளையில் தளர்வாக ஏறும். இறுக்கும் போது பிடிப்பது போலத் தோன்றும். அமுக்கம் ஏறும் போது புரி உரிந்துவிடும். எனவே பழைய குழாயைக் கழற்றி, இரு முனைகளும் நட்களும் சிதையாமல் கடைக்கு எடுத்துச் சென்று, அதே நீளத்தில், அதே முனையுடன், அதே நட்டுடன் புதிய குழாயைச் செய்து வாங்குவதே வீட்டில் வேலை செய்பவருக்கு ஏற்ற வழி. முனை விரிக்கும் கருவியைச் சொந்தமாக வைத்திருப்பவர், வீணான துண்டுகளில் பலமுறை பழகிய பின்னரே உண்மையான குழாயில் கை வைக்க வேண்டும். முனையை விரிப்பதற்கு முன்னரே நட்டைக் குழாயில் கோர்த்துவிட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

காரைச் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, தூக்காத சில்லுகளுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜக்கினால் தூக்கிய பின்னர் இரும்புத் தாங்கிகளின் மீது இறக்கிவிட வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பி அடியில் நுழைவதும், சீமெந்துக் கற்களை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்துவதும் உயிராபத்தானவை. சீமெந்துக் கல் எவ்வித முன்னறிவிப்புமின்றி நொறுங்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் வேண்டும். பிரேக் திரவம் காரின் நிறப்பூச்சை உரித்துவிடும்; சிந்தினால் உடனடியாக நீரினால் கழுவ வேண்டும். வாயினால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் அறவே கூடாது, அது நஞ்சு. பிரேக் உருளையைத் திறக்க நேர்ந்தால் உள்ளிருக்கும் தூசியை ஊதக் கூடாது. பழைய பிரேக் பட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக் கூடும்.

கழற்றுதலும் பூட்டுதலும்

துருப்பிடித்த நட்டில் முதல்நாளே துரு நெகிழ்த்தும் எண்ணெயை விட்டு ஊறவைப்பது நன்று. சாதாரண வாய் ஸ்பனர் இந்த மென்மையான நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். குழாயினூடாகப் புகுத்துவதற்கு ஒரு வெட்டுள்ள வளைய ஸ்பனரே இதற்கு உரியது. ஜப்பானியக் கார்களில் பொதுவாக 10 மில்லிமீற்றர் அளவு பொருந்தும். நட்டைத் திருப்பும் போது குழாயும் சேர்ந்து முறுகினால், எப்படியும் எறியப் போகும் குழாயை நட்டின் அருகில் வெட்டிவிட்டு, மூடிய சொக்கட் ஸ்பனரினால் கழற்றலாம். மறுபுறம் இறப்பர் குழாயில் சேர்ந்திருந்தால், இறப்பர் குழாய் முறுகாதவாறு அதனை இன்னொரு ஸ்பனரினால் பிடித்துக் கொள்ள வேண்டும்.

இணைப்பைத் திறப்பதற்கு முன்னர் மிதியைச் சில சென்ரிமீற்றர் அழுத்தி, இருக்கைக்கும் மிதிக்கும் இடையே ஒரு தடியைக் கொடுத்து நிறுத்தி வைத்தால், குடுவையில் உள்ள திரவம் முழுவதும் வடிந்து போகாது. அவ்வேளையில் பிரேக் விளக்குகள் எரிந்து கொண்டேயிருக்கும் என்பதால் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். திறந்த வாய்களைச் சுத்தமான இறப்பர் மூடியினால் மூட வேண்டும். ஒரு மணல் துணிக்கை கூட உள்ளே போகக் கூடாது.

புதிய குழாயைப் பழைய குழாயின் வடிவத்துக்கு ஏற்ப, போத்தல் போன்ற உருளைப் பொருளின் மீது மெதுவாக வளைக்க வேண்டும். மடிந்து நெளிந்த குழாய் வீணானதே. அதை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. வளைத்த பின் உட்புறத்தைச் சுத்தமான பிரேக் திரவத்தினால் கழுவிவிட வேண்டும். பூட்டும் போது நட்டை முதலில் விரல்களினாலேயே பல சுற்றுகள் ஏற்ற வேண்டும். விரலினால் ஏறாத நட்டை ஸ்பனரினால் ஏற்றுபவர் புரியைக் கெடுத்துக் கொள்வார். ஜப்பானியக் கார்களில் இந்த நட்டுக்கு ஏறத்தாழ 15 நியூற்றன் மீற்றர் இறுக்கமே போதுமானது. அது சிறிய ஸ்பனரை ஒரு கையினால் உறுதியாக இழுக்கும் அளவுதான். ஒழுகினால் மேலும் மேலும் இறுக்குவது தீர்வல்ல. முனையோ இருக்கையோ பிழை என்பதே அதன் பொருள். குழாய் தனது பழைய பாதையிலேயே செல்ல வேண்டும். எல்லாக் கிளிப்புகளும் பூட்டப்பட வேண்டும். சைலன்சரிலும் அசையும் பாகங்களிலும் படக் கூடாது.

காற்றை வெளியேற்றுதல்

குழாயைத் திறந்தபோது உள்ளே நுழைந்த காற்றை வெளியேற்றாமல் பிரேக் பிடிக்காது. இதற்கு இருவர் தேவை. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் மகனாகவோ மனைவியாகவோ அயலவராகவோ இருக்கலாம்; அவர் கீழே இருப்பவரின் சொல்லுக்கு மாத்திரமே காலை அசைக்க வேண்டும். சில்லில் உள்ள சிறிய நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய திரவமுள்ள போத்தலில் அமிழ்த்த வேண்டும். மேலே இருப்பவர் மிதியை அழுத்திப் பிடித்ததும், கீழே இருப்பவர் நிப்பிளை அரைச்சுற்று திறக்கிறார். மிதி இறங்கும், காற்றுக் குமிழிகள் வெளிவரும். நிப்பிளை மூடிய பின்னரே காலை எடுக்க வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்படும். குமிழியற்ற திரவம் வரும் வரை இதனைத் தொடர வேண்டும்.

பிரதான சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்குவது பொதுவான ஒழுங்கு. எமது நாட்டின் வலப்பக்க ஓட்டுநர் கார்களில் இது பெரும்பாலும் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என அமையும். குறித்த காரின் கைந்நூல் வேறுவிதமாகச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். குடுவை ஒருபோதும் வெறுமையாகக் கூடாது. பழைய காரில் மிதியைத் தரை வரை மிதிப்பதையும் தவிர்க்க வேண்டும். நெடுங்காலமாக முசலம் போகாத பகுதியிலுள்ள துரு, இறப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். மிதிக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தால் இதனைத் தடுக்கலாம்.

வெளியேற்றிய திரவத்தை மீண்டும் ஊற்றக் கூடாது. அதனைக் கிணற்றடியிலோ வடிகாலிலோ கொட்டவும் கூடாது. சுண்ணக்கல் நிலத்தடி நீரை நம்பி வாழும் யாழ் குடாநாட்டு மக்களுக்கு, சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் கற்பித்த பாடம் போதுமானது. மூடிய போத்தலில் இட்டு, கழிவு எண்ணெய் சேகரிக்கும் கராஜிடம் கொடுப்பது நல்லது.

நிரூபித்தல்

இங்குதான் மறுபாதி தொடங்குகிறது. எல்லா இணைப்புகளையும் துடைத்து உலர்த்திவிட்டு, இயந்திரம் ஓடாத நிலையில் மிதியைப் பலமாக அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். மிதி மெல்ல மெல்லத் தாழக் கூடாது. பின்னர் இயந்திரத்தை இயக்கி அதே பரிசோதனையைச் செய்ய வேண்டும். உதவி அழுத்தச் சாதனம் உள்ள கார்களில் இயந்திரத்தை இயக்கியவுடன் மிதி சிறிது கீழிறங்கி நிற்பது இயல்பு. தொடர்ந்து தாழ்வது இயல்பல்ல. ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் கடதாசியை ஒற்றிப் பார்க்க வேண்டும். சிறு ஈரமும் தோல்வியே. மிதி பஞ்சு போல் மென்மையாக இருந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

இவற்றில் தேறிய பின், கைப் பிரேக் நன்கு பிடிக்கிறது என்பதையும் உறுதிப்படுத்திக் கொண்டு, வளவுக்குள்ளேயே நடை வேகத்தில் ஓட்டி நிறுத்த வேண்டும். அதன் பின் ஆள் நடமாட்டமற்ற சமதளப் பாதையில் 20 கிலோமீற்றர் வேகத்தில் சில தடவைகள் நிறுத்திப் பார்க்கலாம். வாகனம் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மறுநாள் காலையிலும் ஒரு வாரம் கழித்தும் திரவ மட்டத்தையும் இணைப்புகளையும் மீண்டும் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே பிள்ளைகளை ஏற்றலாம்.

எங்கே நிறுத்திக் கொள்வது?

நட் உடைந்து சிலிண்டருக்குள் சிக்கிக் கொண்டாலோ, நிப்பிள் முறிந்தாலோ, மூன்று முறை முயன்றும் மிதி இறுகாவிட்டாலோ, கார் இலத்திரனியல் பூட்டுத் தடுப்பு முறை கொண்டதாக இருந்தாலோ, அனுபவமுள்ள பிரேக் பாஸிடம் ஒப்படைப்பதில் வெட்கமில்லை. ஒரு குழாய் இற்றுவிட்டது என்றால், அதே நாளில் பூட்டப்பட்டு அதே சேற்றையும் உப்புக்காற்றையும் கண்ட ஏனைய குழாய்களும் அதே வயதினவே. அவற்றையும் கம்பித் தூரிகையினால் மெதுவாகத் துடைத்துப் பார்க்க வேண்டும்; செதில் செதிலாக உரிபவை மாற்றப்பட வேண்டியவை.

இதில் அரசுக்கும் ஒரு பங்குண்டு. 2008 இல் அறிமுகமான புகைப் பரிசோதனை, காரில் இருந்து வெளிவரும் புகையை அளக்கிறது; காரின் அடியிலுள்ள குழாயைப் பார்ப்பதில்லை. பஸ், லொறி போன்ற வாகனங்களிடம் கோரப்படும் தகுதிச் சான்றிதழ் சொந்தப் பாவனைக் கார்களிடம் கோரப்படுவதில்லை. பிரித்தானியாவில் 1960 முதற்கொண்டே பழைய கார்களின் பிரேக்கும் திசைமாற்றியும் விளக்கும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன. முப்பது, நாற்பது வருடக் கார்களை ஓட வைத்துள்ள நாடு, அவற்றின் பிரேக்கைக் குறைந்த செலவில் பரிசோதிக்கும் ஏற்பாட்டை மாவட்டந்தோறும் செய்து கொடுப்பது நியாயமானதே.

அந்த ஏற்பாடு வரும் வரை, காரின் அடியில் குனிந்து பார்க்கும் கடமை அதன் உரிமையாளரையே சாரும். பிரேக் குழாயின் விலை காரின் ஏனைய பாகங்களுடன் ஒப்பிடுகையில் அற்பமானது. அதனை மிச்சப்படுத்துபவர் தமது பணத்தை மாத்திரம் பணயம் வைப்பதில்லை. பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையையும், மஞ்சள் கோட்டைக் கடந்து கொண்டிருக்கும் முன்பின் தெரியாத ஒருவரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.